வெளிப்பக்கமாகத் திறந்த முழங்கால்: மலையகப் பெண் ஒருவரின் முட்டுக்கால் மூட்டுமாற்று, நிகழ்வு ஆய்வு

நோயாளி 64 வயதுப் பெண். இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இளவயதிலேயே பேர் பதிந்து, ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். கைவிரல்களிலும் மணிக்கட்டிலும் தொடங்கிய ருமட்டாய்டு மூட்டுவாதம் இருபது ஆண்டுகளாக அவரோடு இருக்கிறது. வாதத்தை அடக்க வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட், தினமும் 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொய்ட் எடுத்து வந்தார். இரண்டு முழங்கால்களும் உள்நோக்கிச் சாய்ந்திருந்தன. வலதுகால் மிக மோசம். நின்றால் முழங்கால்கள் முட்டும், பாதங்கள் விலகி நிற்கும். இதைத்தான் முட்டுக்கால் என்கிறோம்.

"ஏறுனாக்கூட பரவாயில்லைங்கய்யா. எறங்கத்தான் முடியல. காலு உள்ளுக்கு மடிஞ்சு ஆளத் தள்ளுது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி நோய்நிர்ணயம் இருக்கிறது. மூட்டு தேய்ந்த எவருக்கும் படி இறங்குவது வலிக்கும். ஆனால் கால் 'உள்ளுக்கு மடிவது' என்றால் முழங்காலின் உட்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இணையம் (எலும்பையும் எலும்பையும் கட்டும் நார்) இழுபட்டுத் தளர்ந்துவிட்டது என்று பொருள். அவருடைய லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. கடைக்கோ கோயிலுக்கோ போய்வர மண்ணில் வெட்டிய படிகளில் ஏறி இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அவர் இஸ்தோப்பை (வீட்டு முன்திண்ணையை) தாண்டி வெளியே வருவதையே நிறுத்தியிருந்தார்.

சத்திரசிகிச்சைப் பட்டியலில் அவர் பெயர் முன்பே இருந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளும் உபகரணங்களும் தட்டுப்பட, நாட்டின் பல வைத்தியசாலைகளில் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகள் தள்ளிப் போயின. முழங்கால் மாற்றை யாரும் அவசரம் என்று சொல்வதில்லை. உயிர் போகாது என்பது உண்மைதான், ஆனால் முட்டுக்கால் நின்ற இடத்தில் நிற்காது. உடல் எடை முழுவதும் வெளிப்பக்க மூட்டில் விழ அங்கே எலும்பு மேலும் அமுங்குகிறது, அமுங்க அமுங்கச் சாய்வு கூடுகிறது. காத்திருந்த காலத்தில் அவருடைய வலதுகால் கையால் நிமிர்த்தக்கூடிய நிலையிலிருந்து நிமிராத நிலைக்குப் போயிருந்தது. எங்கள் முடிவுகள் எல்லாம் இந்த மாற்றத்தைச் சுற்றியே அமைந்தன.

பரிசோதனையில் கண்டவை

தொடையெலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் இடையே இயல்பாகவே 5 முதல் 7 பாகை வரை வெளிநோக்கிய கோணம் உண்டு. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் இவருக்கு வலதுபக்கம் 19 பாகை, இடதுபக்கம் 10 பாகை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எடுக்கும் வசதி எங்களிடம் இல்லாததால், துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்துப் பார்த்தோம். வலது முழங்காலின் வெளிப்பக்க இடைவெளி முற்றாக மறைந்து, கணைக்கால் எலும்பின் வெளிமேடை குழிந்திருந்தது. கால் முழுதாக நீளவில்லை, 10 பாகை மடிந்தே நின்றது. மடக்கினால் 95 பாகை வரை வந்தது.

படத்தைவிட முக்கியமான பரிசோதனை கையால் செய்வது. முழங்காலைச் சற்றே மடக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ்க்காலை உள்நோக்கி அழுத்திப் பார்க்க வேண்டும். இடதுகால் அநேகமாக நேராகிவிட்டது. வலதுகால் 14 பாகைக்கு மேல் நிமிர மறுத்தது. எதிர்த்திசையில் அழுத்தினால் உட்பக்கம் நன்றாகத் திறந்தது, ஆனால் திறந்துகொண்டே போகாமல் ஓரிடத்தில் உறுதியாக நின்றது. உட்பக்க இணையம் நீண்டிருக்கிறது, அறுந்துவிடவில்லை. எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ரணாவத் முட்டுக்காலுக்கு வகுத்த மூன்று தரங்களில் இது இரண்டாம் தரம். முதல் தரத்தில் சாய்வு 10 பாகைக்கு உட்பட்டு, கையால் நிமிரும். இரண்டாம் தரத்தில் 10க்கும் 20க்கும் இடையே இறுகி நிற்கும். மூன்றாம் தரம் 20ஐத் தாண்டி, உட்பக்க இணையம் செயலிழந்த நிலை.

முழங்காலோடு நிற்காமல் மேலும் கீழும் பார்த்தோம். இடுப்பு மூட்டு கெட்டிருந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். இவருக்கு இடுப்பு நன்றாக இருந்தது. வலது பாதம் தட்டையாகி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் கையால் திருப்பினால் திரும்பியது. இறுகிய தட்டைப்பாதத்தை அப்படியே விட்டுவிட்டு முழங்காலை மட்டும் நேராக்கினால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் பாதம் அதை மீண்டும் பழைய திசைக்கே இழுக்கும். ருமட்டாய்டு நோயாளி என்பதால் கழுத்தெலும்புகளையும் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தோம். மேல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே தளர்வு இருந்தால், மயக்க மருந்து கொடுக்கக் கழுத்தை வளைக்கும்போது தண்டுவடம் நசுங்கக்கூடும். நல்லவேளையாக அப்படி எதுவும் இல்லை.

ஹீமோகுளோபின் 9.6 இருந்தது. தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை சர்வசாதாரணம் என்பதாலேயே அதைக் கண்டும் காணாமல் விடும் பழக்கம் வந்துவிடுகிறது. அதை எங்கே கண்டாலும் எதிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இரும்புச்சத்துக் கொடுத்து 11ஐத் தாண்டிய பிறகே தேதி குறித்தோம். வலது கணுக்காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து உண்டான புண் ஒன்றும், கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண்ணும் இருந்தன. ஸ்டெரொய்ட் எடுக்கும் உடம்பில் அந்தச் சிறு புண்ணிலிருந்து கிருமி புதிய மூட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் மூட்டையே கழற்ற வேண்டி வரலாம். அவை ஆறும்வரை காத்திருந்தோம். மெதோட்ரெக்சேட்டை நிறுத்தவில்லை. அதை நிறுத்துவதால் தொற்று குறைவதில்லை, வாதம் கிளம்பி எழுவதுதான் மிச்சம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முழங்காற் சில்லுக்கு மூன்று விரல் வெளிப்பக்கமாக, மேலிருந்து கீழாக ஓடிய நீண்ட பழைய தழும்பு. மலையில் கான் (வடிகால்) தாண்டும்போது வழுக்கி விழுந்து, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை கிழித்த காயம், டிஸ்பென்சரியில் தையல் போட்டது என்றார். முழங்காலின் முன்பக்கத் தோலுக்கு இரத்தம் பெரும்பாலும் உட்பக்கத்திலிருந்தே வருகிறது. பழைய நெடுந்தழும்பு இருக்கும்போது அதற்கு உட்பக்கமாக, இணையாக இன்னொரு வெட்டுப் போட்டால், இடையில் சிக்கும் தோல் இரண்டு பக்கமும் இரத்தம் இழந்து கருகிவிடலாம். ஸ்டெரொய்டால் மெலிந்த தோலுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஆகவே தோல்வெட்டு தழும்பின் வழியாகவே போக வேண்டும் என்பது மேசைக்குப் போகுமுன்பே முடிவாகிவிட்டது.

எந்தப் பக்கமாகத் திறப்பது

உலகம் முழுவதும் முழங்கால் மாற்றுக்குப் பழகிப்போன வழி, சில்லின் உட்பக்க ஓரமாக மூட்டைத் திறப்பது. பயிற்சி எடுக்கும் ஒவ்வொரு சத்திரசிகிச்சை வைத்தியரும் முதலில் கற்பது அதைத்தான். முழங்கால்கள் வெளிநோக்கி வளைந்த வில்கால் நோயாளிகளுக்கு அது மிகப் பொருத்தம். அவர்களுக்கு இறுகியிருப்பது உட்பக்கம், அங்கேயே திறந்து அங்கேயே தளர்த்தலாம்.

முட்டுக்காலில் எல்லாம் மறுபக்கம். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி, கணைக்கால் எலும்பின் முன்வெளிப் புறத்திலுள்ள ஜெர்டி முடிச்சில் ஒட்டும் அகன்ற நார்ப்பட்டை, வெளிப்பக்க இணையம், முழங்காலின் பின்புறமிருந்து வரும் பொப்ளிடியஸ் தசைநாண், பின்வெளி மூலையின் மூட்டுறை என எல்லாமே சுருங்கி இறுகியிருக்கும். உட்பக்கம் தொய்ந்து கிடக்கும். ஒரு பக்கக் கயிறுகளை இறுக்கி மறுபக்கத்தைத் தளரவிட்ட கூடாரம் சாய்வது போலத்தான் இந்த மூட்டும் சாய்கிறது.

இந்தக் காலை உட்பக்கமாகத் திறந்தால் மூன்று சங்கடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏற்கெனவே தளர்ந்த பக்கத்தையே மேலும் வெட்டுகிறோம். இறுகிய பின்வெளி மூலை கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கும்; காலை மடக்கிச் சில்லை வெளியே ஒதுக்கும்போது கணைக்கால் எலும்பு வெளிநோக்கித் திரும்பி, அந்த மூலையை இன்னும் பின்னுக்குக் கொண்டுபோகும். மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. முட்டுக்காலில் சில்லு வெளிப்பக்கமாக நழுவவே பார்க்கும். அதை நடுவுக்குக் கொண்டுவரக் கடைசியில் வெளிப்பக்கத்தையும் வெட்டித் தளர்த்த நேரிடும். உட்பக்க நாளங்கள் முதல் வெட்டிலேயே போய்விட்டன, இப்போது மேல்வெளி நாளமும் போகிறது. சில்லு இரத்தமற்ற எலும்பாகி, பின்னர் உடையலாம்.

கெப்லிஷ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1991இல் விரிவாக எழுதிய வெளிப்பக்க வழி இந்த மூன்றையும் ஒருசேரத் தவிர்க்கிறது. திறப்பதே தளர்த்துவதாகிவிடுகிறது. உட்பக்கத்தைத் தொடுவதில்லை, சில்லின் உட்பக்க இரத்தம் அப்படியே இருக்கிறது. கணைக்கால் எலும்பு உள்நோக்கித் திரும்புவதால் பின்வெளி மூலை கண்முன்னே வருகிறது.

அப்படியானால் எல்லா முட்டுக்காலையும் வெளிப்பக்கமாகவே திறக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். நான் அப்படிச் செய்வதில்லை. வெளிப்பக்க வழியில் சில்லை உட்பக்கம் ஒதுக்குவது கடினம். இறுகிய கால்களில் சில்லின் கீழ்நாண் ஒட்டியிருக்கும் எலும்பு மேட்டையே வெட்டித் திருப்ப வேண்டி வரலாம், அந்த வெட்டு பொருந்தாமல் போகும் ஆபத்தும் உண்டு. கால் நேரானதும் வெளிப்பக்கத்தில் மூடுவதற்குச் சதை போதாமல் இடைவெளி விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணுக்குப் பழகிய அடையாளங்கள் எல்லாம் இடம் மாறித் தெரியும். இரண்டு வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், திறமையான கைகளில் நீண்டகால முடிவுகள் பெரிதாக வேறுபடவில்லை. எனவே கையால் நிமிரும் முட்டுக்காலுக்குப் பழகிய உட்பக்க வழியே போதும். இறுகி நிற்கும் காலுக்கு வெளிப்பக்க வழியைத் தேர்ந்தெடுக்கிறேன். இந்தப் பெண்ணின் வலதுகாலில் தழும்பும் அதே பக்கம் வழிகாட்டியது.

சத்திரசிகிச்சை

முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தோம். வெட்டுக்கு முன் நுண்ணுயிரெதிர்ப்பி மருந்தும், இரத்தப்போக்கைக் குறைக்க ட்ரானெக்சாமிக் அமிலமும் கொடுக்கப்பட்டன. வழக்கமான மூட்டோடு, உட்பக்க இணையம் எதிர்பாராமல் கைவிட்டால் பொருத்துவதற்காக, பக்கவாட்டுச் சாய்வைத் தானே தடுக்கும் கட்டுப்பாடு கூடிய மூட்டையும் தியேட்டரில் தயாராக வைத்திருந்தோம். முட்டுக்காலைத் திறப்பவர் அது கையில் இல்லாமல் தொடங்கக் கூடாது. மலைப்பகுதியில் பாதி வழியில் கொழும்புக்கு ஆளனுப்பி எடுத்துவர முடியாது.

தழும்பைச் சேர்த்துத் தோலைத் திறந்தோம். சில்லின் வெளிப்பக்கத்தில் நாருறை இரண்டு படலமாக இருக்கும். மேற்படலத்தைச் சில்லிலிருந்து விலகியும், அதைப் பிரித்தெடுத்துக்கொண்டு போய் அடிப்படலத்தைச் சில்லின் ஓரத்திலும் வெட்டினோம். இப்படிப் படி வைத்து வெட்டினால், மூடும்போது ஒரு படலத்தின் விளிம்பை மற்றதன் விளிம்போடு சேர்த்து நீளம் கூட்டிக்கொள்ளலாம். சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத்திண்டை வழக்கம்போல் வெட்டி எறியாமல், வெளிப்பக்க மடலோடு ஒட்டியபடி காப்பாற்றினோம். கடைசியில் இடைவெளியை மூடப்போவது அதுதான். ஜெர்டி முடிச்சிலிருந்து நார்ப்பட்டையை எலும்போடு ஒட்டி உரித்துத் தளர்த்தினோம். சில்லைப் புரட்டாமல் உட்பக்கம் நகர்த்தினாலே போதுமாக இருந்தது. எலும்பு மேட்டை வெட்ட வேண்டி வரவில்லை.

எலும்பை வெட்டுவதில் முட்டுக்காலின் பெரிய பொறி தொடையெலும்பின் வெளிக்குமிழ். அது கீழேயும் பின்னேயும் சிறுத்திருக்கும். பின்புறக் குமிழ்களை அளவுகோலாக வைத்தால் செயற்கை மூட்டு உள்நோக்கித் திரும்பி, சில்லு வெளியே நழுவும். ஆகவே சில்லு ஓடும் பள்ளத்தின் நடுக்கோட்டையும், அதாவது வைட்சைட் கோட்டையும், இரு பக்க எலும்புப் புடைப்புகளை இணைக்கும் அச்சையும் வைத்துத் திருப்பத்தைக் குறித்தோம். கீழ்முனையை வழக்கமான 5, 6 பாகைக்குப் பதிலாக 3 பாகையில் வெட்டினோம். உட்குமிழிலிருந்து 9 மில்லிமீட்டர் வந்தது. வெளிக்குமிழில் வாள் எலும்பை உரசிக்கொண்டுதான் போனது, விழுந்தது ஒரு தகடு மட்டும். கணைக்கால் எலும்பை அதன் நீள அச்சுக்குச் செங்குத்தாகச் சிக்கனமாக வெட்டினோம். வெளிமேடையின் குழியை வெட்டி எடுத்த எலும்பாலேயே நிரப்பினோம்.

அளவுக்கட்டையை வைத்துக் காலை நீட்டியபோது வெளிப்பக்கம் இன்னும் இறுக்கமாகவே இருந்தது. மடக்கியபோது சமமாக இருந்தது. நீட்டும்போது மட்டும் இறுகினால் குற்றவாளி நார்ப்பட்டை அல்லது பின்வெளி மூட்டுறை. மடக்கும்போது மட்டும் இறுகினால் பொப்ளிடியஸ், இரண்டிலும் இறுகினால் வெளிப்பக்க இணையம். நார்ப்பட்டை ஏற்கெனவே விட்டுவிட்டதால் மூட்டுறையை எலும்பு வெட்டின் மட்டத்தில் குறுக்கே திறந்தோம். மீந்திருந்த இறுக்கத்தை, கத்தி முனையால் நாரில் சிறுசிறு கீறல்கள் இட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு காலை நீட்டிப் பார்த்துச் சரிசெய்தோம். பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்கும் பெரோனியல் நரம்பு அந்த மூலைக்கு மிக அருகில் ஓடுவதால் கத்தி முனை ஆழம் போகவே கூடாது. இணையத்தையும் பொப்ளிடியஸையும் தொடவில்லை.

உட்பக்கம் சற்றுத் தளர்ந்திருந்தது, ஆனால் 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள இடைத்தட்டு அதை ஏந்திப் பிடித்தது. வழக்கமான, பின்குறுக்கு இணையத்துக்கு ஈடு செய்யும் மூட்டையே சிமென்ட் வைத்துப் பொருத்தினோம். கட்டுப்பாடு கூடியது திறக்கப்படாமலே திரும்பிப் போனது. ருமட்டாய்டு என்பதால் சில்லின் உட்புறத்துக்கும் செயற்கை மேற்பரப்பு பொருத்தினோம். விரலால் பிடிக்காமலே சில்லு பள்ளத்தின் நடுவில் ஓடியது.

அன்று மாலை

மரத்துப்போன நிலை விட்டதும் தாதி வலது பெருவிரலை உயர்த்தச் சொன்னார். விரல் அசையவில்லை. பாதத்தின் மேற்புறம் உணர்ச்சி மங்கியிருந்தது.

வளைந்து கிடந்த கால் நேராகும்போது வெளிப்பக்கம் நீள்கிறது. கீழ்க்காலின் வெளியெலும்புத் தலையைச் சுற்றிவரும் பெரோனியல் நரம்புக்கு அந்த நீளத்தோடு ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். முட்டுக்காலும் மடிந்த காலும் சேர்ந்தே இருந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். உடனே கட்டை முழுதாக அவிழ்த்துத் தளர்த்தினோம், முழங்காலுக்கடியில் தலையணை வைத்து மடக்கி வைத்தோம். மூட்டைச் சுற்றி இரத்தக்கட்டு இல்லை. நரம்பு அறுபட்டிருக்க வாய்ப்பில்லை, இழுபட்டிருக்கிறது என்று முடிவு செய்து, பாதம் தொங்காமலிருக்கத் தாங்கி போட்டோம்.

இது நடக்கலாம் என்பதை அவருக்கும் மகளுக்கும் முன்பே தமிழில் உட்கார்ந்து சொல்லியிருந்தோம். கையெழுத்து வாங்கும் படிவம் எந்த மொழியில் இருந்தாலும் இந்த ஒரு ஆபத்தை நோயாளியின் பேச்சுமொழியில் சொல்லாமல் முட்டுக்காலைத் தொடக்கூடாது. அப்போது அவர் "நேரா நின்னாப் போதுங்கய்யா, பாதம் மெதுவா வரட்டும்" என்றார். அதனால் அன்று மாலை வாட்டில் பதற்றம் இருந்ததே தவிர, நம்பிக்கை உடையவில்லை. மறுநாளே தாங்கியோடு நடக்கவிட்டோம்.

ஆறாவது வாரத்தில் பெருவிரல் லேசாக அசைந்தது. நான்காவது மாதத்தில் குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி நிற்க முடிந்தது. பாதத்தின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத்த இடம் மட்டும் மிச்சமிருக்கிறது.

லயத்துக்குத் திரும்பிய பிறகு

முட்டுக்கால் மாற்றில் வெளிப்பக்கத் தோலைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தையலை வழக்கத்தைவிடத் தாமதமாகவே, எங்கள் கிளினிக்கில் பிரித்தோம். காயம் முற்றாக ஆறும்வரை தேயிலைக்குள் இறங்கக் கூடாது, அட்டை கடித்தால் சொறியாமல் கழுவிவிட்டு வந்து காட்ட வேண்டும் என்று வீட்டாரிடம் திரும்பத் திரும்பச் சொன்னோம். குந்தியிருக்கும் கழிப்பறைக்கு மேல் வைக்கத் துளையிட்ட நாற்காலி ஒன்றை மருமகன் செய்து கொடுத்தார். ரோட்டிலிருந்து லயம் வரை படியோரம் குழாயால் கைப்பிடியும் போட்டார். படி இறங்குவதற்குச் சொல்லிக்கொடுத்த முறை: சத்திரசிகிச்சை செய்த கால் முதலில் இறங்க வேண்டும், கை கைப்பிடியை விடக்கூடாது.

ஓராண்டில் வலது முழங்கால் 6 பாகைக் கோணத்தில் நிற்கிறது, முழுதாக நீள்கிறது, 110 பாகை மடிகிறது. உட்பக்கத் தளர்வு கூடவில்லை. எக்ஸ்ரேயில் சில்லு நடுவில் இருக்கிறது, அதன் எலும்பு அடர்த்தி குன்றவில்லை. கோயிலுக்கு ஊன்றுகோல் இல்லாமல் போகிறார், இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடிக்கிறார்.

இப்போது இடதுகால் வலிக்கிறது. சாய்வு 10 பாகையில் நிற்கிறது, கையால் அழுத்தினால் இன்னும் நிமிர்கிறது. பழைய தழும்பு ஏதும் அந்தக் காலில் இல்லை. "இதையும் வெளிப்பக்கமாத்தான் வெட்டுவீங்களாய்யா?" என்று கேட்டார். இல்லையம்மா, இதை உட்பக்கமாகவே செய்யலாம், இறுகுமுன் செய்தால் சின்ன வேலை என்றேன். மேற்கு மலைச்சரிவில் கொழுந்து குறைந்து பாதைகள் காய்ந்திருக்கும் பெப்ரவரியில் மகளுக்கு லீவு கிடைக்கும் என்பதால், அந்த மாதத்தில் தேதி கொடுத்திருக்கிறோம்.